படலையடிக் கேள்வி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் நடந்தால், மின்கம்பங்களில் வாடகை அறைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். 2023இல் ஒரு சனிக்கிழமை நானும் மகளும் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனோம். முதல் வருடம் அவளுக்கு விடுதியில் இடம் கிடைத்திருந்தது. இரண்டாம் வருடம் வெளியே அறை பார்க்க வேண்டும். எந்தச் சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்திலும் விடுதிக் கட்டில் எல்லாருக்கும் போதாது. மிச்சப் பிள்ளைகளை ஊர்தான் வைத்திருக்க வேண்டும்.

ஒரு துண்டில் இப்படி இருந்தது: பெண் பிள்ளைகளுக்கு மட்டும், இணைந்த குளியலறை, வைஃபை வசதி, சைவ உணவுப் பழக்கமுள்ளவர்கள் விரும்பத்தக்கது.

“இதை விடுவம் அம்மா. நாங்கள் வெள்ளிக்கிழமையில மட்டும்தானே சைவம்” என்றாள்.

“அது மீனைப் பற்றின கதையில்லை, பிள்ளை.”

“தெரியும்” என்றாள். அடுத்த கம்பத்துக்கு நடந்துவிட்டாள்.

உண்மையாகவே சைவமான வீடுகள் யாழ்ப்பாணத்தில் நிறைய உண்டு. தங்கள் அடுப்படியில் மீன் வாடை வரக்கூடாது என்று நினைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அடுப்பே இல்லாத, வெளிவாசல் வைத்த, மாடி அறைக்கு அந்தச் சொல்லைப் போடும்போது அது வேறொன்றைக் கேட்கிறது. அதை 1992இல் இதே ஒழுங்கைகளில் என்னிடம் வாய்விட்டுக் கேட்டார்கள். இப்போது எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் கிளிநொச்சிப் பிள்ளை. உயர்தரத்தில் அப்போது நான்கு பாடங்கள். எழுதிவிட்டு வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். நாட்டின் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்து, தொகுதிக்குப் பின்னால் தொகுதியாகப் பிள்ளைகள் தேங்கிப் போயிருந்தார்கள். கடிதம் வந்தபோது ஆனையிறவால் போக வழியில்லை. பூநகரியில் இராணுவம் வந்து உட்கார்ந்த பிறகு சங்குப்பிட்டிப் பாதையும் போய்விட்டது. மிஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி. ஓர் இயந்திரப் படகின் பின்னால் கயிற்றில் நாலைந்து படகுகளைக் கட்டி இருட்டில் இழுப்பார்கள். விளக்கு கூடாது, பேச்சுக் கூடாது. கடற்படைப் படகு வந்தால் கயிற்றை வெட்டிவிடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் காதுக்குள் சொன்னார். என் மடியில் ஒரு தகரப் பெட்டி, காலடியில் அப்பா கட்டித் தந்த அரை மூடை அரிசி. இன்று என் மகள் பஸ்ஸில் ஏறி, பாட்டுக் கேட்டுக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவள் களைத்துப்போனேன் என்று சொல்லும்போது எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஒன்றரை மணித்தியாலத்தில் களைக்கக் கிடைப்பது பெரிய காரியம்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கோண்டாவிலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அவர்தான் என்னை அறை தேடிக் கூட்டிக்கொண்டு போனார். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் ஆரம்பமானது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பள்ளிக்கூட வளவுக்குள் பிறந்த இடம் என்பதால் சுற்றிவர எல்லாம் குடிமனைகள். கலட்டி, கொக்குவில், கோண்டாவில், நல்லூர் என்று அந்த ஒழுங்கைகளின் முன்னறைகளும் விறாந்தைகளுமே எங்கள் விடுதிகள்.

முதல் படலையில் நடுத்தர வயது அம்மா ஒருவர் நின்றார். முகம் நல்ல முகம். “எந்த ஊர் பிள்ளை?” என்றார். கிளிநொச்சி என்றேன். “அது குடியேறின இடமெல்லே. பிறப்பிடம் எது?” அப்பாவின் ஊரைச் சொன்னேன். “அங்கை எந்தக் குறிச்சி?” அதையும் சொன்னேன். “ஆற்றை பிள்ளை?” இந்தக் கேள்விக்கு நேரான பொருள் யாருடைய மகள் என்பதுதான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் அதன் மற்றப் பொருளும் தெரியும். அப்பாவின் பெயரைச் சொன்னதும், அறைக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாயிற்று என்றார். இரண்டாம் படலையிலும் அப்படியே நடந்தது. மூன்றாம் வீட்டுக்காரர் சம்மதித்தார். வாடகையும் குறைவு. வெளிக்கிடும்போது, “பிள்ளை, கிணத்து வாளியைத் தொட வேண்டாம். வேலைக்கு வாற மனிசி அள்ளித் தருவா” என்றார். சிநேகிதர் ஒன்றும் பேசவில்லை. சைக்கிளைத் திருப்பினார். ஒழுங்கை முடியும் வரைக்கும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு கடிதம் வாங்கிய முதல் ஆள் நான். அது கொண்டுபோய்ச் சேர்த்தது விரிவுரை மண்டபத்தின் வாசல் வரைக்கும்தான்.

நான்காவது வீட்டில் கிடுகு வேலி. பனையோலைப் படலை. உள்ளே எழுபதை நெருங்கிய ஓர் ஆச்சி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். படலையில் நின்றபடியே சிநேகிதர் சொல்லத் தொடங்க, ஆச்சி தும்புத்தடியைச் சரித்துவிட்டு, “உந்த வெயிலுக்கை நிண்டு என்ன கதை? உள்ளுக்கு வாங்கோ” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “சாப்பிட்டனியே?” என்றார். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு நின்றேன். “கிணத்தடி அங்கை. காலைக் கழுவிப்போட்டு வா. துலாக் கயிறு வழுக்கும், கவனமாப் பிடி.”

துலாக் கயிற்றைப் பிடித்தேன். வாளி கீழே போய்த் தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டது. இழுத்துக் காலில் ஊற்றினேன். இன்னொரு வாளி இழுத்து முகத்தில் அடித்துக்கொண்டேன். கண்ணீர் வெளியே தெரியாமல் இருக்க அது உதவியது. குரக்கன் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் தின்று முடித்த பிறகுதான் ஆச்சி ஊரைக் கேட்டார், அப்பாவின் பெயரைக் கேட்டார். எல்லாம் விளங்கிக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. “சரி. வடக்கு அறையில ஒழுக்கு இல்லை. அதிலை இரு” என்றார். மாதம் ஒரு தொகைப் பணமும், வன்னியிலிருந்து வரும்போது கொஞ்ச அரிசியும் என்று பேச்சு. பணத்தைப் பல மாதம் அவர் வாங்கவில்லை. அரிசியை மட்டும் அளந்து பார்த்தார், ஏனென்றால் அதைத்தான் நான்கு பேராகத் தின்றோம்.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். மன்னார்ப் பிள்ளை விஞ்ஞானம், பருத்தித்துறைப் பிள்ளை முகாமைத்துவம், நான் கலைப்பீடத்தில் புவியியல். மின்சாரம் 1990இலேயே போய்விட்டது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் மண்ணெண்ணெய், மின்கலம், மெழுகுதிரி, சவர்க்காரம் எல்லாம் இருந்தன. நாளிதழே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம்.

எங்கள் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாம் போத்தல் ஒன்றின் அடியில் பஞ்சை அமத்தி வைப்போம். பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். கம்பித் துண்டொன்றில் நூல் திரியைச் சுற்றி, பஞ்சைத் தொடும்படி உள்ளே இறக்கிக் கொளுத்தினால் சுண்டுவிரல் நுனியளவு சுடர் வரும். போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. ஊற்றி எரிக்கும் குப்பி விளக்கு ஓர் இரவில் குடிக்கும் எண்ணெயில் இது பல இரவு எரியும். மூன்று பேரும் நிலத்தில் பாய் போட்டு, விளக்கை நடுவில் வைத்து, தலைகளைக் கிட்டக் கொண்டுவந்து படிப்போம். எவளாவது ஒருத்தி குனிந்தால் மற்றவளின் கொப்பி இருண்டுபோகும். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். எண்ணெய் முடிகிற இரவுகளில் ஒருத்தி வாய்விட்டு ஒப்புவிப்பாள், மற்ற இருவரும் இருட்டில் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு இன்றைக்கும் அசேதன இரசாயனத்தில் கொஞ்சம் தெரியும்.

ஆச்சி பின்னேரங்களில் பிளேன்ரீ தருவார். சீனி கிடையாது. பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். வளவின் மூலையில் பனங்குற்றி அடுக்கிய பங்கர். பொம்பர் வரும் சத்தம் கேட்டால் ஆச்சி முதலில் அடுப்பை அணைப்பார், பிறகு எங்களைக் கூப்பிடுவார், கடைசியாகத்தான் தான் இறங்குவார். ஒருமுறை பங்கருக்குள் தேள் இருந்தது. மேலே பொம்பர், கீழே தேள். மூவரும் பங்கரின் விளிம்பில் குந்தியிருந்தோம்.

படிப்பு எப்படி இருந்தது என்று மகள் கேட்பாள். மெதுவாக இருந்தது. விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதுவோம். ஒரு புத்தகத்துக்கு இருபது பேர் வரிசையில் நிற்போம். முறை வந்தால் ஓர் இரவுக்குள் வேண்டியதைக் கையால் பிரதி எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் கிட்டத்தட்ட 97,000 நூல்கள் 1981இல் எரிந்ததன் பிறகு பல்கலைக்கழக வயதுக்கு வந்தவர்கள் நாங்கள். அந்தக் கட்டடத்தைக் கரி பிடித்த சுவராகத்தான் கண்டோம். மகள் பொது நூலகத்தில் மின்விசிறியின் கீழ் இருந்து வாசித்துவிட்டு வருகிறாள். அவள் அதைச் சொன்ன நாளில் நான் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

துணைவேந்தர் அழகையா துரைராஜா கேம்பிறிட்ஜில் மண்பொறியியல் ஆய்வு செய்து பெயர் பெற்றவர். அவர் சைக்கிளில் வந்து போவார். பெற்றோல் இல்லாத ஊரில் அது வேறு வழியில்லாத காரியம் என்று சொல்லலாம். அப்படித் தோன்றவில்லை எங்களுக்கு. எங்களைப் போலவே காற்று எதிர்த்தால் அவரும் எழும்பி நின்று மிதித்தார். 1994 ஜூனில் அவர் இறந்தபோது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு விறாந்தையில் வந்து இருந்தோம்.

என் ஆய்வுக் கட்டுரை இரணைமடுக் குளத்தைப் பற்றியது. கனகராயன் ஆற்றின் நீர் எங்கே பிரிந்து எந்த வயலுக்குப் போகிறது என்று, விடுமுறையில் ஊருக்குப் போய் அணைக்கட்டு நெடுக நடந்து பார்த்தேன். வரைபடம் பிரதி எடுக்க மெல்லிய தாள் கிடையாது. சாதாரண வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் தடவி வெயிலில் வைத்தால் கண்ணாடி போல ஊடு தெரியும். அதை மேலே வைத்து வரைந்தேன். தேங்காய் எண்ணெயும் ஆச்சியுடையது. கறிக்கு வைத்ததில் இரண்டு கரண்டி. இப்போது மகள் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். ஒரு நாள் கைபேசியில் இரணைமடுவைச் செய்மதிப் படமாகக் கொண்டுவந்து காட்டினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் நான் வரைந்த வளைவு ஒன்று பிழை. இவ்வளவு காலம் கழித்து அது தெரிந்ததில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அவளுடைய பாடநெறி முழுக்க ஆங்கிலத்தில். அரையாண்டுக்கு அரையாண்டு பரீட்சை, புள்ளி, அடுத்த பாடம் என்று ஓட்டம். எங்களுக்கு ஒரு பரீட்சையே மூன்று முறை தள்ளிப் போகும். அவள் படிப்பு என்னுடையதைவிட நல்ல படிப்பு. இதைத் தயங்காமல் சொல்வேன். விளக்கைச் சுற்றி மூவர் இருந்து படித்தது அழகான ஞாபகம் என்பதற்காக, எந்தப் பிள்ளையும் மறுபடி அப்படிப் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் படிக்க வேண்டி வந்தது. 2020இல் உயர்தரம் எழுதிய மகள், கொரோனாவால் எல்லாம் பிந்தி, 2022இன் தொடக்கத்திலும் வீட்டில்தான் காத்திருந்தாள். அம்மாவைப் போலவே மகளும். அந்த மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஆங்கிலப் பயிற்சி ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். கைபேசி அணைந்து போயிற்று. கடையில் மெழுகுதிரி இல்லை. நான் அடுப்படிக்குப் போய் ஜாம் போத்தலைக் கழுவினேன். யோசிக்கவே இல்லை. கை தானே பஞ்சை அமத்தியது, கம்பியை வளைத்தது, எண்ணெயைத் துளித் துளியாக விட்டது. சுடர் வந்ததும் மகள் போத்தலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “இதிலையோ நாலு வருசம் படிச்சனீங்கள்?” ஆறு வருடம் என்றேன். அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. அப்போது அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது, விடுதியில் இருந்தாள். நான் போத்தலை எறியாமல் அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

நாலு வருடப் படிப்பு ஏன் ஆறாயிற்று என்பதற்குப் பதில் 1995 ஒக்டோபர் 30. அன்று பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து, எல்லாரும் வெளியேறுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனது. வலிகாமத்தின் நாலைந்து இலட்சம் சனம், இரவு, மழை. தென்மராட்சிக்குப் போக நாவற்குழி, கைதடி என்று இரண்டே வழிகள். ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி நாங்கள் மூவரும் மாறி மாறித் தள்ளினோம். தள்ளினோம் என்பதும் சரியில்லை. சனத்தோடு சனமாக அடி அடியாக நகர்ந்தோம். விடியும் வரைக்கும் சில மைல்தான். என் ஆய்வுக் கட்டுரைக் கொப்பியைச் சீலைத் துண்டில் சுற்றி ஆச்சி தன் மடிக்குள் வைத்திருந்தார். எண்ணெய்த் தாள் வரைபடங்கள் மழையில் நனையவே இல்லை, தண்ணீர் வழிந்து போயிற்று. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருபது குடும்பங்களோடு கிடந்தோம். அடுத்த வருடம் ஆச்சி தன் வளவுக்குத் திரும்பினார். வேலி இல்லை, படலை இல்லை, கூரையில் பாதி இல்லை. கிணறு இருந்தது. நான் பட்டம் பெறும் வரை அவரோடுதான் இருந்தேன். பிறகு கனடாவிலிருந்த மகன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கேதான் கண்மூடினார் ஆச்சி.

மகளுக்குக் கடைசியில் கிடைத்த வீடு ஆச்சியின் ஒழுங்கைக்கு அடுத்தது. கனடாவிலிருக்கும் ஒருவர் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய இரண்டு மாடி. உயர்ந்த மதில், இரும்புக் கதவு, கமரா. படலையடியில் கேள்வி கேட்க ஆளில்லை. பொறுப்பானவர் கைபேசியில் அடையாள அட்டையின் படத்தை மட்டும் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அட்டை, முன்பணம், திறப்பு. ஆற்றை பிள்ளை என்று எவரும் கேட்கவில்லை. சாப்பிட்டனியே என்றும் எவரும் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், என் மகளுக்கு முதலாவது கேட்கப்படாமல் இருப்பதையே எடுப்பேன். பசித்தால் அவள் வாங்கிச் சாப்பிடுவாள்.

ஓர் அறையில் நான்கு பேர். அநுராதபுரத்திலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, வவுனியாப் பிள்ளை, புத்தளத்து முஸ்லிம் பிள்ளை, என் மகள். எங்கள் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத அறை. இரண்டு மின்செருகிக்கு நான்கு கைபேசி என்பதால் ஒரு நேர அட்டவணை சுவரில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தது. தமிழ் எழுத்தில் இருந்த ஒரு பிழையை அநுராதபுரத்துப் பிள்ளைதான் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். என் மகள் எழுதியது அது.

புத்தளத்துப் பிள்ளை அந்த வீட்டுக்கு வர முன் ஐந்து இடங்களில் கேட்டிருந்தாள். போனில் பேசும்போது அறை இருக்கும். நேரில் போனால், தலையில் முக்காட்டைக் கண்டதும், அறைக்கு ஆள் சொல்லியாகிவிடும். அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அதே சொல். அறைக்கு ஆள் சொல்லியாயிற்று.

“எங்கட உம்மும்மா யாழ்ப்பாணம்தான் அன்ரி. சோனகத்தெரு” என்றாள்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வட மாகாணம் முழுவதிலும் கிட்டத்தட்ட 75,000 பேர் அந்த மாதத்தில் போனார்கள். ஐந்து வருடம் கழித்து அதே தேதியில்தான் நாங்களும் மழையில் போனோம். மழையில் நின்றபோது அந்தத் தேதி எனக்கு நினைவு வரவில்லை. எங்களில் ஒருவரும் சொன்னதாகவும் நினைவில்லை. என்னோடு உயர்தரம் எழுதிய ஒரு பிள்ளை, கிளிநொச்சியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், அந்த ஒக்டோபரில் இல்லாமல் போனாள். என்னைவிட நன்றாகப் படிப்பாள். 1992இல் கலைப்பீடத்தின் முதல் நாள் நான் சுற்றிப் பார்த்து, எங்கள் பள்ளிக்கூடத்தவர் யாரும் இருக்கிறார்களா என்று தேடினேன். அவளைத் தேடவில்லை. என்னைப் படலையில் நிறுத்தியதை இவ்வளவு காலமும் காவிக்கொண்டு திரிகிறேன். அவளுக்குப் படலையே இல்லாமல் போனதை அன்றைக்கு ஒரு மாலை நேரமாவது நினைத்தேனா என்றால், இல்லை.

புத்தளத்துப் பிள்ளை உடனே உம்மும்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். எண்பது வயது முகம், வெள்ளை முக்காடு. நான் அந்தக் காலம் கம்பஸில் படித்தேன் என்று பேத்தி சொன்னதும் கண்களைக் கிட்டக் கொண்டுவந்தார்.

“தொண்ணூத்திரண்டுல நீங்க அங்கயா இருந்தீங்க மகள்?”

“ஓம் அம்மா.”

“எங்கட தெருப் பக்கம் போயிருக்கீங்களா? வீடு இருந்திச்சா அப்ப?”

போயிருக்கிறேன். நகரத்துக்குப் போகும்போது சைக்கிளில் அந்தப் பக்கத்தால் பல தடவை போயிருக்கிறேன். பூட்டிய கதவுகள், கதவே இல்லாத நிலைகள், முற்றத்தில் வளர்ந்த புல். ஆளில்லாத தெரு என்பதால் வேகமாக மிதிக்கலாம் என்று நினைத்ததுதான் நினைவிருக்கிறது. அதை அப்படியே சொன்னேன். போனேன் அம்மா, பார்க்காமல் போனேன் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டு வீட்டுக்கு ஒரு கிணறு. நடுவுல சுவர் வச்சுப் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். அது கிடக்கான்னு பாக்க முடியுமா?” என்றார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் இரண்டு பிள்ளைகளும் முச்சக்கர வண்டியில் போனோம். சில வீடுகள் புதிதாக எழும்பியிருந்தன, சில இன்னும் குட்டிச்சுவர். தொழுகை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் பேரைக் கேட்டு, யோசித்து, ஒரு வளவைக் காட்டினார். நாயுருவியையும் எருக்கலையையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். வீடு இல்லை, அத்திவாரம் மட்டும். பின்னால் வட்டக் கட்டு ஒன்று, அதன் நடுவே இடிந்த பங்குச் சுவர்.

பிள்ளை அழைப்பெடுத்து, கைபேசியைக் கட்டுக்கு மேலால் உள்ளே நீட்டினாள். விழுந்துவிடும் என்று என் மகள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணி இருக்கா?” என்று உள்ளேயிருந்து எதிரொலித்து வந்தது குரல்.

மகள் ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். கேட்டுக்கொண்டு நின்றோம்.

இருந்தது.